சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு: முதலில் கணக்கு, அப்புறம் சால்டரிங்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் பலரும் சலித்துக் கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. படம் பளிச்சென்று தெரிகிறது, பாட்டுதான் சகிக்கவில்லை. மானிட்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர், தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல ஒலிக்கும். கடையில் கேட்டால் புது ஸ்பீக்கர் செட் வாங்கச் சொல்வார்கள். அதே வீட்டின் பரணில், பழைய டேப் டெக்கோடு வந்த இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் தூசி படிந்து கிடக்கும்.

அந்தப் பெட்டிகளை மறுபடி பாட வைக்கச் சில நூறு ரூபாய் போதும். சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் கடைகளிலும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் போர்டு என்று கேட்டால் உள்ளங்கை அளவில் ஒன்றைத் தருவார்கள். இந்த போர்டுகள் நல்லவை என்பது என் கருத்து. அவற்றின் மேல் அச்சடித்திருக்கும் வாட் கணக்கு நல்லதல்ல. அவற்றை வாங்கியவர்கள் ‘இம்ப்ரூவ்’ செய்கிறேன் என்று செலவழிக்கும் பணத்தில் பெரும்பகுதி வீண். ஏன் என்று பார்ப்போம்.

அதென்ன கிளாஸ் டி? டி என்றால் டிஜிட்டல் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஏ, பி, சி என்ற எழுத்துகள் ஏற்கெனவே வேறு வகைகளுக்குப் போய்விட்டன. அடுத்து வந்தது டி, அவ்வளவுதான். நம் ஊர் மெக்கானிக்குகள் ஆண்டுக்கணக்காகக் கையாண்ட 4440 ஐசியும், 2000-களில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்கள் பலவற்றில் இருந்த டிடிஏ2030 ஐசியும் வேறு வகை. அவற்றில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த குழாய் போல வேலை செய்யும். தடுக்கப்பட்ட மின்சாரம் வெப்பமாக வீணாகும். அதனால்தான் அவற்றின் முதுகில் பெரிய அலுமினியத் தகடு.

கிளாஸ் டி-யில் டிரான்சிஸ்டர் ஒன்று முழுக்க ஆன், இல்லையேல் முழுக்க ஆஃப். ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஆன் ஆகி ஆஃப் ஆகும். பாட்டின் அலை மேலே போகும்போது ஆன் நேரம் நீளும், கீழே வரும்போது குறையும். கடைசியில் ஒரு காயிலும் ஒரு கண்டென்சரும் சேர்ந்து அந்தத் துடிப்புகளைச் சமப்படுத்தி பழையபடி பாட்டாக ஸ்பீக்கருக்குக் கொடுக்கின்றன. முழு வால்யூமில் 90 சதவீதம் வரை மின்சாரம் ஸ்பீக்கருக்கே போய்விடும். சூடு குறைவு, தகடு சிறிது, விலையும் குறைவு.

இந்த போர்டுகளை வாங்கி நோண்டும் பழக்கம் 2000-களில் டிரைபாத் என்ற அமெரிக்க கம்பெனியின் சிப்புகளோடுதான் பரவலானது. அந்தக் கம்பெனி 2007-ல் திவாலாகிவிட்டது, பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது அதிகம் கிடைப்பது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116டி2 சிப் பொருத்திய போர்டு. இதையே உதாரணமாக வைத்துக் கொள்வோம்.

போர்டின் விளம்பரத்தில் ‘50 வாட் + 50 வாட்’ என்று இருக்கும். இது பொய்யா? சிப் தயாரித்தவர்களின் டேட்டா ஷீட்டில் அந்த எண் இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே நிபந்தனைகளும் இருக்கின்றன: சப்ளை 21 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம், ஒலிச் சிதைவு 10 சதவீதம். பத்து சதவீதச் சிதைவில் பாட்டு கரகரவென்று காதில் உரசும். விளம்பரத்தில் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனைகளை விட்டுவிடுகிறார்கள். முன்பு ஸ்பீக்கர் அட்டைப்பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டார்களே, அதன் தம்பிதான் இது.

உண்மையான கணக்கை நீங்களே போடலாம். சப்ளை வோல்டேஜை அதனாலேயே பெருக்குங்கள். வந்ததை ஸ்பீக்கரின் ஓமைப் போல இரண்டு மடங்கால் வகுங்கள். ஒரு சேனலுக்குச் சிதைவில்லாமல் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வாட் அதுதான். மோடத்தோடு வந்த 12 வோல்ட் அடாப்டரும் 8 ஓம் ஸ்பீக்கரும் என்றால் 144-ஐ 16-ஆல் வகுக்க, 9 வாட். அதே அடாப்டரில் 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 18 வாட். இதிலும் கொஞ்சம் போர்டுக்குள்ளேயே போய்விடும். எந்தக் கண்டென்சரை மாற்றினாலும் இந்த எண்ணைத் தாண்ட முடியாது.

பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் வீட்டில் சும்மா கிடந்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 22 வாட் வரை கிடைக்கும். இந்த போர்டுக்கு நான் சிபாரிசு செய்யும் முதல் மாற்றமும் மலிவான மாற்றமும் இதுதான். சால்டரிங் அயர்ன் தேவையில்லை. பிளக்கின் பிளஸ், மைனஸ் எது என்பதை மட்டும் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு இணையுங்கள். 24 வோல்ட் அடாப்டர் போடுகிறவர்கள் போர்டில் உள்ள பெரிய கண்டென்சர்களின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 25 வோல்ட் என்றிருந்தால் அதை 35 வோல்ட் கண்டென்சராக மாற்றுவது அவசியம். விளிம்பில் ஓடும் கண்டென்சர் என்றைக்காவது உப்பிவிடும்.

இன்னும் சின்ன போர்டு ஒன்று இருக்கிறது. பிஏஎம்8403 என்ற சிப், 3 வாட் + 3 வாட், கம்ப்யூட்டரின் யுஎஸ்பியிலேயே ஓடும் என்று விற்கிறார்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது மொத்தமே 2.5 வாட். இரண்டரை வாட்டை வாங்கி ஆறு வாட்டைக் கொடுக்கும் போர்டு எங்காவது இருந்தால் நம் மின்வாரியம்தான் முதலில் வாங்கும். போதாக்குறைக்கு, மின்சாரத்தையும் பாட்டையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தால் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘கீச்’ என்ற சத்தம் வரலாம். பலர் இதை போர்டின் கோளாறு என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். தனியாக ஒரு 5 வோல்ட் மொபைல் சார்ஜரில் இணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாட் குறைகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். 18 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் இடையே இருப்பது நாலரை டெசிபல்கூட இல்லை. சாதாரண அறையில் கம்ப்யூட்டர் மேஜையில் உட்கார்ந்து கேட்கும்போது சராசரியாக ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது. மிச்சமெல்லாம் பாட்டில் திடீரென்று விழும் அடிகளுக்காக.

இனி மாற்றங்களுக்கு வருவோம். இந்த போர்டில் முதலில் எதைக் கழற்றுகிறார்கள் தெரியுமா? இன்புட் கண்டென்சர். கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒயருக்கும் சிப்புக்கும் நடுவே இருக்கும் குட்டிக் கண்டென்சரை எடுத்துவிட்டு, ‘ஆடியோ கிரேடு’ என்ற பெயரில் விற்கும் விலை உயர்ந்த ஒன்றைப் போடுகிறார்கள். உடனே பாஸ் தடதடவென்று வருகிறது. கண்டென்சரின் பிராண்டுக்குப் புகழ் சேர்கிறது.

ஆனால் பாஸ் வந்ததற்குக் காரணம் பிராண்டா? இந்த சிப்பில் கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை, நான்கில் ஒன்றாக வைக்கலாம்: 20, 26, 32, 36 டெசிபல். 20 டெசிபல் என்றால் 10 மடங்கு, 36 டெசிபல் என்றால் 63 மடங்கு. கெயினைக் கூட்டினால் சிப்பின் இன்புட் எதிர்ப்பு குறைந்துவிடும். 20 டெசிபலில் 60 கிலோஓம், 36 டெசிபலில் வெறும் 9 கிலோஓம். இந்த எதிர்ப்பும் இன்புட் கண்டென்சரும் சேர்ந்து ஒரு வடிகட்டியாகிவிடுகின்றன. எவ்வளவு தாழ்ந்த ஒலி வரை உள்ளே விடுவது என்பதை அது தீர்மானிக்கிறது.

போர்டில் இருப்பது 0.22 மைக்ரோஃபாரட் கண்டென்சர், கெயின் 36 டெசிபல் என்று வைத்துக் கொள்வோம். கணக்குப் போட்டால் 80 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் தேயத் தொடங்கும். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அது பாதிக்கும் கீழே போய்விடும். இந்த இடத்தில் 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போட்டால் எல்லை 18 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், பாஸ் வரும். அந்தக் கண்டென்சர் ஐந்து ரூபாயா ஐநூறு ரூபாயா என்பது வடிகட்டிக்குத் தெரியாது. மாறியது மைக்ரோஃபாரட்.

இதைவிட நல்ல வழி கண்டென்சரைத் தொடாமல் கெயினைக் குறைப்பது. அதே 0.22 கண்டென்சர், கெயின் 20 டெசிபல் என்றால் எல்லை 12 ஹெர்ட்ஸ். பாஸ் தானாக வந்துவிட்டது. கூடவே இன்னொரு லாபமும் உண்டு. கம்ப்யூட்டரின் லைன் அவுட் சுமாராக 1 வோல்ட் தரும். 12 வோல்ட் அடாப்டரில் போர்டு வெளியே தரக்கூடியது அதிகபட்சம் எட்டரை வோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து மடங்காக்கினாலே அது வந்துவிடுகிறது. 63 மடங்கு எதற்கு? அதனால்தான் சில போர்டுகளில் வால்யூம் குமிழை ஏழில் ஒரு பங்கு திருப்புவதற்குள் சத்தம் எகிறிக் கரகரக்கிறது. பாட்டு இல்லாதபோது ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்பதற்கும் இதே காரணம்தான். மலிவான வால்யூம் குமிழ்கள் தொடக்கத்தில் இடது, வலது இரண்டையும் சமமாக விடாது. கெயினைக் குறைத்தால் குமிழை நடுப்பகுதியில் வைத்துக் கேட்கலாம், அந்தக் குறையும் மறையும்.

கெயினைத் தீர்மானிப்பவை சிப்பின் அருகே உள்ள இரண்டு பொடி ரெசிஸ்டர்கள். 26 டெசிபலுக்கு கிரவுண்டுக்குப் போவது 20 கிலோஓம், மேலே போவது 100 கிலோஓம். 20 டெசிபலுக்கு கிரவுண்டுக்கு 5.6 கிலோஓம், மேலே போவதைக் கழற்றிவிட வேண்டும். சிப் இதை ஆன் செய்யும்போது ஒருமுறைதான் படிக்கும், எனவே ஆஃப் செய்துவிட்டு மாற்றுங்கள். ரெசிஸ்டர் அரிசியை விடச் சிறியது. கை பழகாதவர்கள் செல்போன் சர்வீஸ் கடையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றித் தருவார்கள்.

அவசியமான மாற்றங்கள் என்று எனக்குப் படுபவை இவைதான்: சரியான அடாப்டர், சரியான கெயின், 24 வோல்ட் என்றால் கண்டென்சர். அவுட்புட்டில் உள்ள காயில்கள் மிகச் சிறியதாக, முழு வால்யூமில் கை வைக்க முடியாதபடி சுட்டால் அவற்றையும் மாற்றலாம். சில போர்டுகளில் சாக்கெட்டில் செருகிய என்இ5532 என்ற குட்டி ஐசி இருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் பத்து மடங்கு விலையில் வேறொன்றைப் போடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. இந்த விலைக்கு அந்த என்இ5532 போதுமானதற்கு மேல். மாற்றாக வாங்குவது போலியாக இருக்கும் வாய்ப்பும் உண்டு. பழைய சிப்பின் மேலெழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் அச்சடித்து விற்பது இந்தச் சந்தையில் சாதாரணம்.

மாற்றியது உண்மையிலேயே பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்து கொள்வது? இங்கேதான் உங்கள் கம்ப்யூட்டர் உதவும். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் எந்த ஒலியையும் நீங்களே உருவாக்கலாம். 100 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை உருவாக்கி, குமிழை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் வால்யூமை மிகவும் குறைத்து ஓட விடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இன்புட்டிலும் ஸ்பீக்கர் முனையிலும் அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கெயின் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். போர்டில் குட்டி ஐசி இருந்தால் அதன் பெருக்கமும் இதில் சேர்ந்தே வரும். இதற்கு மீட்டரில் 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் இருக்க வேண்டும். நூற்றைம்பது ரூபாய் மஞ்சள் மீட்டரில் ஏசி 200 வோல்ட்டில்தான் தொடங்கும், சின்ன அளவுகளை அது காட்டாது.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். போர்டின் ஸ்பீக்கர் முனையைக் கம்ப்யூட்டரின் மைக் அல்லது லைன் இன் துளையில் செருகி ரெக்கார்டு செய்து பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். இந்த போர்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் அல்ல. பாட்டு ஓடாதபோதும் இரண்டு முனைகளிலும் சப்ளையில் பாதி அளவு வோல்டேஜ் நிற்கும். அதைக் கம்ப்யூட்டரின் கிரவுண்டோடு சேர்த்தால் ஷார்ட் சர்க்யூட். சில நூறு ரூபாய் போர்டோடு போனால் பரவாயில்லை, சவுண்ட் சிப் மதர்போர்டில் அல்லவா இருக்கிறது? புதுக் கம்ப்யூட்டரின் மதர்போர்டை இழக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இரண்டு ஸ்பீக்கர்களின் மைனஸ் ஒயர்களையும் ஒன்றாக முறுக்கிச் சேர்ப்பதும் கூடாது. பழைய டெக்குகள் சிலவற்றில் மைனஸ் பொதுவாக இருந்ததால் இந்தத் தவறு சுலபமாக நடக்கும்.

ரெக்கார்டு செய்ய வேண்டுமென்றால் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே ஓரிடத்தில் வைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே ஒலியைப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். மைக் மட்டமானதாக இருந்தாலும் கவலையில்லை. இரண்டு முறையும் அதே மைக்தானே?

காதால் ஒப்பிடுவதற்கு என் யோசனை, ஒரே போர்டில் இரண்டு வாங்குங்கள். ஒன்றை அப்படியே விட்டுவிட்டு மற்றதில் மட்டும் கை வையுங்கள். நாங்கள் புரோகிராம் எழுதும்போது பழைய வெர்ஷனை அழிக்காமல் வைத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்வோம். இல்லாவிட்டால் எந்த வரியால் என்ன மாறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. போர்டுக்கும் அதே முறைதான். ஒரே நாளில் நாலு பாகங்களை மாற்றிவிட்டு ‘ஒலி தெளிந்தது’ என்றால், எது தெளிய வைத்தது?

இரண்டு போர்டுகளையும் ஒரு ஸ்விட்ச் வழியாக ஒரே ஸ்பீக்கரில் இணைக்கலாம். பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரையும் சேர்த்து மாற்றும் ஸ்விட்சாக இருக்கட்டும், காரணம் மேலே சொன்னதுதான். பிறகு 100 ஹெர்ட்ஸ் தொனியை வைத்து இரண்டின் அவுட்புட்டும் மீட்டரில் ஒரே அளவு காட்டும்படி குமிழ்களைத் திருப்பி வையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு எதையும் ஒப்பிடாதீர்கள். ஒரு டெசிபல் சத்தம் கூடுதலாக இருந்தாலே நம் காது அதைத் ‘தெளிவு’ என்றும் ‘ஆழம்’ என்றும் சொல்லும். விலை உயர்ந்த பாகம் ஜெயிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ஓட்டையில்தான்.

பிறகு வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, உங்களுக்குத் தெரியாமல் ஸ்விட்சைத் தட்டச் சொல்லுங்கள். பத்து முறை. எது மாற்றிய போர்டு என்று நீங்கள் எழுத வேண்டும். ஆறு சரியாக வந்துவிட்டதே என்று குதிக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டினாலும் 100 பேரில் 38 பேருக்கு ஆறோ அதற்கு மேலோ கிடைக்கும். ஒன்பது அல்லது பத்து வந்தால்தான் பேச்சு. அது குருட்டாம்போக்கில் 100-ல் ஒருவருக்குத்தான் அமையும்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு நான்கு கண்டென்சர்கள் வாங்கிப் போட்டிருந்தார். இன்னொரு போர்டில் அதே மைக்ரோஃபாரட் அளவில் சாதாரணக் கண்டென்சரைப் போட்டு இதே சோதனையைச் செய்தோம். அவருக்கு ஐந்து வந்தது, எனக்கு நாலு, ஸ்விட்ச் தட்ட வந்த அவர் தங்கைக்கு ஆறு. கெயின் மாற்றிய போர்டையும் மாற்றாததையும் வைத்துச் செய்தபோது மூவருக்குமே பத்துக்குப் பத்து. பாட்டு தொடங்குவதற்கு முன்பே, அந்த ‘ஸ்ஸ்’ சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டோம்.

நண்பர் அந்தக் கண்டென்சர்களைக் கழற்றவில்லை. பார்க்க அழகாக இருக்கின்றன என்கிறார். அது வேறு காரணம், அதில் தப்பில்லை. ஆனால் இந்த மாதம்தான் கம்ப்யூட்டர் வாங்கி, கையில் மிச்சமிருக்கும் ஐநூறு ரூபாயை எதில் போடலாம் என்று யோசிப்பவர் நீங்கள் என்றால், அதில் இரண்டாவது போர்டு ஒன்றை வாங்குங்கள். மிச்சத்துக்கு இரண்டு 5.6 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு நல்ல ஸ்விட்ச், ஸ்பீக்கருக்குப் புது ஒயர் வாங்கலாம். பரணிலிருந்து பெட்டிகளை இறக்கியதும் முன்பக்கத் துணியை எடுத்துவிட்டு, கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு இற்றுப் போகாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். அது கிழிந்திருந்தால் எந்த போர்டும் உதவாது.